பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் பேசவும்

அந்த வருஷ மழையில் எண்ணூர் ஆற்றுக்கு வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. எந்தத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து வந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கேட்கப் போன இடத்திலெல்லாம் எங்களுடையது இல்லை என்றார்கள். யாருடையதும் இல்லாத எண்ணெய் குப்பத்து வீடுகளுக்குள் இடுப்பு உயரத்துக்கு ஏறி, தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் கறுப்புக் கோடாக நின்றது.

எங்களுக்குக் காலடிப்பேட்டையில் மளிகைக் கடை. என் மாமனார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. சரக்கு எடுக்கப் போவது என் வீட்டுக்காரர், கல்லாவில் உட்காருவது நான். கடை வாசலின் ஓரத்தில் காலை வேளையில் ஒருத்தி மீன் விற்பாள். எண்ணூர்க் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்குவாள். மடவை, இறால், நண்டு, எல்லாம் ஆற்று உருப்படி. என்னைவிடச் சில வயது இளையவள். என் இரண்டாவது பிரசவத்தின்போது மீனை ஒதுக்கி வைத்துவிட்டு என் கடையைப் பார்த்துக்கொண்டவள். சிநேகிதி என்று எனக்கு இந்த ஊரில் இருப்பது அவள் ஒருத்திதான்.

எண்ணெய் வந்த பிறகு அவள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அரிசி, பருப்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்று இரண்டு பை கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன்.

குப்பத்துக்குள் நுழையும் முன்பே கண் எரிந்தது. ஆற்றோரத்தில் ஆண்கள் பிளாஸ்டிக் மக்கால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெறுங்கை, வெறுங்கால். சிலர் லுங்கியைக் கிழித்து முகத்தில் கட்டியிருந்தார்கள். ஆற்றை அசுத்தமாக்கியவன் வரவில்லை, ஆற்றில் பிழைத்தவன் தன் உடம்பால் துடைத்துக்கொண்டிருந்தான். என் சிநேகிதி வாசலில் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் தடித்துச் சிவந்திருந்தது.

"டாக்டர்கிட்ட போனியா?" என்றேன்.

"ஒரு நர்ஸம்மா வந்து களிம்பு குட்த்துச்சு. தடவுனா இன்னும் எரியுதுக்கா" என்றாள்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. நான் டாக்டர்கள் என்று நினைத்தேன். இறங்கியவர்கள் உடம்பு முழுக்க வெள்ளை உடை போட்டிருந்தார்கள். கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் இருந்தது. அட்டைப் பெட்டிகளையும் வலைகளையும் எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து ஆற்றுப் பக்கம் போனார்கள். கூழைக்கடா பிடிக்க வந்தவர்கள் அவர்கள். எண்ணெய் படிந்து பறக்க முடியாமல் கரையில் நிற்கும் பறவைகளைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தியம் பார்ப்பார்களாம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கடைசியாக நடந்துபோன ஒரு பெண்ணை நிறுத்தினேன். கல்லூரி முடித்த வயது இருக்கும்.

"இந்தா பாரும்மா, அங்க மனுஷன் வெறுங்கையால அள்ளிட்டு நிக்கான், கண்ணுக்குத் தெரியுதா? உன் கையுறையை அவனுக்குக் கொடுத்துட்டுப் பறவையைப் பிடிக்கப் போ" என்றேன்.

அவள் முகமூடியை இறக்கினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"எங்ககிட்ட இருக்கிறதே கொஞ்சம் பேர், கொஞ்சம் சாமான். பறவைக்குன்னு யாருமே வர மாட்டாங்க, அதனாலதான் நாங்க வந்தோம். உங்களுக்கு வர வேண்டியவங்க வரலைன்னா அவங்களைக் கேளுங்க. கூழைக்கடாவோட பங்கைப் பிடுங்கித்தான் உங்களுக்குக் கொடுக்கணுமா?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். அந்தப் பேச்சு எனக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது. ஆனால் அதில் பொய் என்று சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. கையுறை கொடுக்க வேண்டியவன் எங்கோ ஏசி அறையில் இருக்க, நான் ஒரு சின்னப் பெண்ணிடம் சண்டை போட்டேன். இந்த ஊரில் எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. அடித்தவன் போய்விடுவான், அடிபட்டவர்கள் ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டு நிற்போம்.

அவர்கள் பிடித்த பறவைகளோடு வேன் கிளம்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து, கவிழ்த்து வைத்திருந்த படகுக்குக் கீழேயிருந்து என்னவோ அசைந்தது. என் சிநேகிதி குனிந்து பார்த்தாள். இன்னொரு கூழைக்கடா. இறக்கை தார் பூசியதுபோல உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் ஒரு கோணியைப் போட்டு அதைப் பிடித்துத் தூக்கி வந்தாள். அது கொத்தவில்லை. கொத்துவதற்கு அதனிடம் தெம்பு இல்லை.

"யக்கா, அந்த சோப்ப எட்து குடு" என்றாள்.

"உன் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கத்தான் அதைக் கொண்டாந்தேன்."

"குடுக்கா."

குடிதண்ணீருக்கே லாரிக்குக் காத்திருந்த நாட்கள் அவை. பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்து ஒரு டப்பில் ஊற்றினாள். நான் இறக்கையைப் பிரித்துப் பிடித்தேன், அவள் சோப்பு போட்டுத் தேய்த்தாள். கறுப்பு போய்க்கொண்டே இருந்தது, தீரவில்லை. அந்தப் பறவை இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, தூக்கினால் ஒரு காலித் தகர டப்பாபோல இருந்தது.

"இத காப்பாத்தி உனக்கு என்ன?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். கூழைக்கடா வந்தால் வலையில் மீனைக் கொத்திப் போகிறது என்று கல்லெடுத்து விரட்டுகிறவள் அவள்.

"ஒன்னியும் இல்ல. அதுவும் இங்கதான் கீது, நானும் இங்கதான் கீறேன். அதுக்கு இன்னா தெரியும், எண்ணெயின்னு கண்ட்ச்சா?" என்றாள்.

சாயங்காலத்துக்குள் அது செத்துவிட்டது. அவள் அதைக் கோணியில் சுற்றினாள். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்த புகைபோக்கிகளைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள். நான் இங்கே எழுத முடியாத திட்டு. தெருவில் யாரும் அவளை நிறுத்தவில்லை.

என் தம்பி எம்.எஸ்சி. படித்தவன். எண்ணூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் சுற்றுச்சூழல் பிரிவில் அதிகாரி. அந்த எண்ணெய்க்கும் அவன் நிறுவனத்துக்கும் சம்பந்தம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நான் குப்பத்தில் பார்த்ததைச் சொன்னேன். கையுறை இல்லாத ஆட்களைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினான். பறவையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தான்.

"அக்கா, நீ உணர்ச்சிவசப்பட்டுப் பேசுத. உலகத்துல இதுவரைக்கும் தோன்றின உயிரினங்கள்ல முக்கால்வாசிக்கு மேல மனுஷன் வரதுக்கு முன்னாடியே அழிஞ்சு போச்சு. அழியுறது இயற்கை" என்றான்.

"சாவும் இயற்கைதான். அதுக்காகக் கொலை செஞ்சவனைப் போலீஸ் விட்டுருதா?"

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "மனுஷனுக்கு அப்புறந்தான் மத்ததெல்லாம். முதல்ல அந்தக் குப்பத்து ஆளுகளுக்கு ஒரு வழி செய்யட்டும்" என்றார்.

"அதைத்தான் அத்தான் நானும் சொல்லுதேன்" என்று தம்பி பிடித்துக்கொண்டான். "ஒரு நண்டுக்குத் தான் நண்டு இனம்னு தெரியுமா? மதிப்புன்னு ஒண்ணு வைக்கிறது நாமதான். நமக்கு உபயோகம் இருந்தா காப்பாத்துவோம், இல்லாட்டி விடுவோம். இந்த ஊருக்கு வேலை வேணும், கரண்ட் வேணும். நீ ஃபேன் இல்லாம ஒரு நாள் இருப்பியா? மீன் குழம்பைத் தின்னுக்கிட்டே மீனுக்காகப் பேசுத."

"நான் ஒரு மீனைத் தின்னுதேன். உங்க ஆளுக ஆத்தைத் தூர்த்து மீன் வர்ற வழியையே தின்னுதாங்க. ரெண்டும் ஒண்ணா?"

"வழியை அடைச்சா வேற இடத்துல வழி செஞ்சு குடுக்கோம். இங்க எத்தனை அலையாத்தி மரம் போகுதோ, அதைவிடப் பல மடங்கு வேற ஊர்ல நடுதோம். கணக்குப் பார்த்தா லாபம்தான்."

"உன் வீட்டை இடிச்சுட்டு, ராமநாதபுரத்துல யாருக்கோ பத்து வீடு கட்டிக் கொடுத்தேன்னு சொன்னா நீ கணக்குப் பார்ப்பியா?"

அவன் கையைக் கழுவ எழுந்தான். சண்டை என்று அதைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் குரல் உயர்த்தாமல்தான் பேசுவோம். ஆனால் அவன் போன பிறகும் எனக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. மதிப்பு வைப்பது நாம்தான் என்றானே, அதுதான் உறுத்தியது. என் மாமியார் கடைசிக் காலத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் படுத்திருந்தார். யாருக்கு என்ன உபயோகம்? அதற்காக அவரை யாரும் ஓரமாக வீசவில்லையே. உபயோகத்தை வைத்து உயிரை அளக்கக் கூடாது என்று மனிதர் விஷயத்தில் நமக்குத் தெரிந்தது, ஆற்றங்கரைக்குப் போனதும் எப்படி மறந்துபோகிறது?

சில மாதங்களில் தம்பியின் நிறுவனம் ஆற்றை ஒட்டிய சேற்று நிலத்தில் ஒரு பகுதியைத் தூர்த்துச் சரக்குக் கிடங்கு கட்ட அனுமதி கேட்டது. தண்ணீர் ஏறும்போது ஆறாகவும் இறங்கும்போது நிலமாகவும் இருக்கும் இடம் அது. குப்பத்துப் பெண்கள் அங்கே சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் போலீஸ், உள்ளே டீயும் மிக்சர் பொட்டலமும். நான் கடையை அடைத்துவிட்டு என் சிநேகிதியோடு போனேன்.

மேடையில் அதிகாரிகளுக்குப் பக்கத்தில் நின்று திட்டத்தை விளக்கியது என் தம்பி. நல்ல தமிழில், படம் போட்டுக் காட்டிப் பேசினான். சிறு வயதில் பேச்சுப் போட்டிக்கு அவனைத் தயார் செய்தவள் நான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சபையைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் சரியாகச் செய்தான்.

அடுத்து குப்பத்து ஆட்கள் பேசினார்கள். வலை போச்சு, இறால் போச்சு, எங்கள் பிழைப்பு போகும் என்றார்கள். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் நிறுவனத்தின் தரப்பிலிருந்து ஒரே பதில் வந்தது. பாதிக்கப்படும் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டு, தகுதியுள்ள இளைஞர்களுக்கு வேலை உண்டு. கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. ஆறு எங்களுக்குச் சோறு போடுகிறது என்று சொன்ன உடனேயே, அந்தச் சோற்றை நாங்கள் போடுகிறோம் என்று அவர்களால் சொல்ல முடிகிறது. உபயோகத்தைச் சொல்லி ஆற்றைக் காப்பாற்றப் போனால், உபயோகத்துக்கு விலை வைத்து வாங்கிவிடுகிறார்கள். குப்பத்துக்காரர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் விலை வைக்க முடியாத ஒன்றை அந்த மண்டபத்தில் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. நான் எழுந்து மைக்கிடம் போனேன்.

மேடையில் இருந்த அதிகாரி, "அம்மா மீனவரா?" என்று கேட்டார்.

"இல்ல. கடை வச்சிருக்கேன்."

"கடை எந்த இடம்?"

"காலடிப்பேட்டை."

"அப்ப இதுல உங்களுக்கு என்ன பாதிப்பு? நேரம் இல்லம்மா, பாதிக்கப்பட்டவங்க மட்டும் பேசுங்க."

"பாதிக்கப்பட்டதுல வாயில்லாதது பாதி இருக்கு சார். அதுக வந்து மைக்குல பேசாது. அந்தச் சேத்துல நண்டு இருக்கு, மட்டி இருக்கு, எங்கிருந்தோ பறந்து வந்து இறங்குற பறவை இருக்கு. எனக்கு அதுகளால ஒரு பைசா வரவு கிடையாது. அது நமக்கு முன்னாடி இருந்தே இங்க இருக்கு. அதை இல்லாம ஆக்குறதுக்கு நமக்கு யார் உரிமை கொடுத்தா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நண்டுக்கு வக்கீல் வந்தாச்சு என்று ஒரு குரல் கேட்டது. அதிகாரி தம்பியைப் பார்த்தார். அவன் என்னைப் பார்க்காமல், "பறவைகள் தானாகவே பக்கத்துப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்துவிடும். மாற்று நடவுக்கும் இடம் தேர்வு செய்திருக்கிறோம், மேடம்" என்றான்.

மேடம். நான் தூக்கி வளர்த்தவன் என்னை மேடம் என்றான்.

"எந்த இடம்?" என்றேன். தெற்கே வேறு ஒரு மாவட்டத்தின் பெயரைச் சொன்னான். "அந்த நண்டு அங்க எந்த பஸ்ஸுல போகும்னு சொல்லிரு" என்று நான் சொன்னது பாதி மண்டபத்துக்குக் கேட்டிருக்காது. மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அனுமதி வந்துவிட்டது. நிபந்தனைகளோடு என்றார்கள். நிபந்தனை என்ன என்று குப்பத்தில் யாருக்கும் தெரியாது. தகர வேலி முதலில் வந்தது, பிறகு மண் லாரிகள். அந்த வாரத்தில் என் சிநேகிதி கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யக்கா, என் புள்ளைக்கு அங்க வேலைக்குச் சொல்லிகீறாங்க" என்றாள்.

"எங்க?"

"அங்கதான்."

அவளிடம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். "அந்தப் பறவையைக் கழுவினவதானே நீ? இப்ப அதுக்கு மண்ணள்ளிப் போட உன் பிள்ளையையே அனுப்புவியா?" என்றேன்.

அவள் முகம் மாறியது. "நீ பேசுவக்கா. உனுக்குக் கடை கீது. ஆறு போனாலும் உன் கல்லா போவாது. என் புள்ள இன்னா, ஆயுசுக்கும் எண்ணெ மொண்டுகினு கெடக்கணுமா? நண்டுக்கு உரிமைன்னு மைக்ல பேசுனியே, எம்புள்ளைக்கு இன்னா உரிமைன்னு எவனாவது கேட்டானா? படிக்க வெச்சேன், எங்க போனாலும் குப்பத்தான்னு தொரத்துறான். கம்பெனிக்காரன் கூப்டறான், எம்புள்ள போறான். நீ சோறு போடப் போறியா?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். சில வாரங்கள் அங்கேயே விற்றாள். அவள் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் வேறொரு கோபம் இருந்தது, அது பெரியது. பிள்ளையா பறவையா என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார்? தெற்கே அடையாறில், பெசன்ட் நகரில் யாரையாவது இப்படிக் கேட்கிறார்களா? அங்கே பறவையும் இருக்கும், பிள்ளைகளும் படிப்பார்கள். நகரத்தின் கரண்டும் பெட்ரோலும் நிலக்கரியும் சாம்பலும் எங்கள் பக்கம். பூங்காவும் பறவை பார்க்கும் நடைப்பயணமும் அவர்கள் பக்கம். பிறகு எங்களைப் பார்த்து, இயற்கையா வளர்ச்சியா என்று கருத்துக் கேட்பார்கள்.

அவளே ஒரு நாள் திரும்ப எங்கள் வாசலுக்கு வந்தாள். கூடையில் ஆற்று மீன் இல்லை. காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த கடல் மீன். "ஆத்துல ஒன்னியும் கெடைக்கலக்கா" என்றாள். மகனுக்குக் கிடைத்தது நிறுவனத்து வேலை இல்லையாம், காண்ட்ராக்டரிடம் கூலி வேலை. கூப்பிடுகிற நாளில் போக வேண்டும். டீ வாங்கிவரச் சொல்லி இரண்டு பேரும் குடித்தோம்.

அனுமதியை எதிர்த்து மீனவர் சங்கம் வழக்குப் போட முடிவு செய்தது. குப்பத்தில் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வீடுகளில் யாரும் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. என் சிநேகிதியும் முடியாது என்றாள். "போட்டா அவன நிறுத்திடுவாங்கக்கா. நீ போடு, நான் கூட வரேன்" என்றாள். வெளியாள் போட்டால் செல்லுமா என்று சங்கத்து வக்கீலிடம் கேட்டேன். செல்லும் என்றார். போட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், வக்கீல் ஆபீஸுக்கு எந்த பஸ் என்று அவரே விசாரித்துச் சொன்னார்.

தம்பி போன் செய்தான்.

"அக்கா, பெட்டிஷன்ல உன் பேரைப் பார்த்தேன்."

"ஆமா."

"எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் நீ என் அக்கான்னு தெரியும். என் வேலைக்கு ஆபத்துக்கா. ஒரு நண்டுக்காகவா?"

"நீ சொன்ன கணக்கு எனக்கு வராதுடா. எதை எடுத்துட்டு எதை வச்சாலும் சமமாயிரும்னு நீ நினைக்க. நான் அப்படி நினைக்கல. உன் வேலை போகக் கூடாதுன்னுதான் எனக்கும் ஆசை. ஆனா கையெழுத்தை எடுக்க மாட்டேன்."

"அப்ப நான் உனக்கு யாரு?" என்று கேட்டான்.

"என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா" என்றேன்.

அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவன் வேலை போகவில்லை, அலுவலகத்தில் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவன் மனைவி சொன்னாள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பகுதியில் மண் கொட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கொட்டிய பகுதி கொட்டியபடியே கிடக்கிறது, அதை யாரும் அள்ளப்போவதில்லை. வாய்தா நாட்களில் நான் கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போகிறேன். கோர்ட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வக்கீல்கள் எங்கள் ஆற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைக் கேட்கிறேன். போன முறை நிறுவனத்தின் தரப்பு வக்கீல் என்னைக் காட்டி, இவருக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை என்று நீதிபதியிடம் சொன்னார். எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. சொன்னபடியே கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.